வைஃபை காட்டுது, நெட் வேலை செய்யுதில்லை: கணினி, இணையம் பற்றிய அடிப்படைக் கேள்விகளை இங்கே கேளுங்கள்

பஸ்நிலையக் கடை எழுதியது:

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. வருகிறவர்கள் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். நெட் போயிட்டுது, ஜிமெயில் அழிஞ்சிட்டுது, போன் நிறைஞ்சிட்டுது, இப்படித்தான் வந்து நிற்பார்கள். சரியாக என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை. போன் விற்றவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பெக்கேஜ் விற்றவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் தெரியாததால் காசு போகிறது. ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டால் தீர்கிற விஷயத்துக்குப் புதுப் போன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்காது.

எது பிழைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அது எங்கே இருக்கிறது என்பதுதான். இடங்கள் மூன்றே மூன்று. உங்கள் கையில் உள்ள போன் அல்லது கணினி ஒன்று. அங்கிருந்து வெளியே போகிற வழி அடுத்தது, அதாவது வைஃபை, ரவுட்டர், ஃபைபர், டவர். மூன்றாவது, தூரத்தில் எங்கேயோ இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிற இன்னொருவரின் கணினி. சேர்வர் என்று சொல்வது அதைத்தான். உங்கள் மின்னஞ்சல், பேஸ்புக், வங்கிக் கணக்கு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, போனில் தெரிவது அதன் காட்சி மட்டும்.

தலைப்பில் உள்ளதையே எடுப்போம். வைஃபை என்பது போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள ரேடியோத் தொடர்பு, அவ்வளவுதான். அதன் கோடுகள் நிறைந்திருந்தால் ரவுட்டர் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டருக்கு அப்பால் இணையம் வருகிறதா என்பதை அந்தக் கோடுகள் சொல்லவே சொல்லாது. ஆகவே நெட் நின்றால் வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் போன் சுகம், வழியில்தான் பிழை. அப்புறம் ரவுட்டரைப் பாருங்கள். ஃபைபர் என்றால் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா? எரிந்தால் ஒளிச் சமிக்ஞை வீடு வந்து சேரவில்லை, கேபிள் எங்கேயோ அறுந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும். நீங்கள் போனில் எதைத் தட்டினாலும் அது சரியாகாது, கம்பனிக்கு அழைத்து "எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொன்னால் அவர்களுக்கே விளங்கும்.

டேட்டாவிலும் வைஃபையிலும் ஒரு செயலி மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் வேலை செய்கிறது என்றால் அது மூன்றாவது இடம். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி நினைவிருக்கிறதா? பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய 6 மணித்தியாலம் விழுந்தன. நமக்கு அது இரவு 9 மணிக்குப் பிறகு. பிழை அந்தக் கம்பனியின் சொந்த வலையமைப்பு அமைப்புகளில். ஆனால் தன் போனில்தான் பிழை என்று நினைத்து ரீசெட் போட்டு எல்லாப் படங்களையும் இழந்தவர்கள் மறுநாள் காலையில் கடைக்கு வந்தார்கள். எங்கே பிழை என்று கேட்டிருந்தால் அந்தப் படங்கள் இன்றைக்கும் இருந்திருக்கும்.

கேளுங்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

நிலாவெளி கெஸ்ட்ஹவுஸ் எழுதியது:

நல்ல இழை அண்ணா. எங்களுக்கு நிலாவெளியில் சின்ன கெஸ்ட்ஹவுஸ். வெள்ளைக்காரர் வந்தால் முதல் கேள்வியே வைஃபை பாஸ்வேர்ட்தான். 100 எம்பிபிஎஸ் பெக்கேஜ் போட்டிருக்கிறோம், ஆனால் பின்னுக்கு உள்ள இரண்டு அறைகளில் வீடியோ கோல் எடுக்க முடியாது என்று விமர்சனத்தில் எழுதிவிட்டுப் போகிறார்கள். இன்னும் பெரிய பெக்கேஜ் எடுக்கவா?

ஓர்ஸ்ஹில் வயர்மன் எழுதியது:

எடுக்க வேண்டாம் தங்கச்சி. நெட்வேர்க் வயரிங் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கே 90க்கு மேல் வந்தால் நீங்கள் காசு கொடுத்தது வந்து சேர்ந்துவிட்டது. குறைவது ரவுட்டருக்கும் அறைக்கும் இடையில். பெக்கேஜைப் பெரிதாக்கினால் ரவுட்டருக்குப் பக்கத்தில்தான் இன்னும் வேகம் கூடும், பின் அறைக்கு ஒன்றும் போகாது.

உங்கள் ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும். 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து ஹோட்டல்களின் வைஃபை எல்லாம் அதிலேயே நெரிபடும். 5 கிகாஹேர்ட்ஸ் நல்ல வேகம், ஆனால் ஒன்றிரண்டு சுவருக்குள் களைத்துவிடும். கொங்கிரீட், இரும்பு, தண்ணீர்த் தாங்கி, பெரிய கண்ணாடி இதெல்லாம் ரேடியோ அலைக்கு எதிரி. பல இடங்களில் ரவுட்டரை ரிசெப்ஷன் மேசைக்குக் கீழே, காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அதைத் தூக்கி உயரத்தில், கட்டடத்தின் நடுவில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பின் அறைகளுக்கு உண்மையான தீர்வு ஒரு கேபிள் இழுத்து அங்கே ஒரு அக்சஸ் பொயின்ட், அதாவது அந்த இடத்திலிருந்தே வைஃபை கொடுக்கிற பெட்டி, போடுவது. கடையில் மலிவான ரிப்பீட்டர் தருவார்கள், அது வைஃபையையே வாங்கி வைஃபையாகவே திருப்பி அனுப்புவதால் ஒரே அலைவரிசையில் ஓடினால் வேகம் பாதியாகும். கேபிள் இழுக்கிறவர் கடற்கரைப் பக்கம் என்பதை மறக்காமல் வெளிப்புறக் கேபிள் போடட்டும், உப்புக் காற்றுக்கு இணைப்பு முனைகள் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும்.

நிலாவெளி கெஸ்ட்ஹவுஸ் எழுதியது:

அளந்து பார்த்தேன் அண்ணா. ரவுட்டர் பக்கத்தில் 94, பின் அறையில் 6! கம்பனிக்கு எவ்வளவு கோபமாகக் கதைத்திருக்கிறேன். ஆனால் இன்னொரு சந்தேகம், 94 என்று காட்டுகிற இடத்திலும் பைல் இறக்கும்போது 11 என்றுதான் வருகிறது. அது ஏன்?

ஓர்ஸ்ஹில் வயர்மன் எழுதியது:

கம்பனி விற்பது மெகாபிட்டில், எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்று அர்த்தம். பைல் இறக்கும்போது கணினி காட்டுவது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 94ஐ 8ஆல் வகுத்தால் 11.75, உங்களுக்கு வந்தது சரியான கணக்கு. பெக்கேஜ் விளம்பரத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் மனதுக்குள் 8ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 8 எம்பிபிஎஸ் இணைப்பில் 700 மெகாபைட் படம் ஒன்று இறங்க 12 நிமிடம் அளவில் பிடிக்கும், 100இல் ஒரு நிமிடம்கூட ஆகாது.

பாலையூற்று அம்மா எழுதியது:

எனக்கும் ஒரு கேள்வி தம்பி. பெரிய பிழை ஒன்றும் இல்லை, டேட்டா எங்கே போகிறது என்று தெரியவில்லை. நான் பார்ப்பது வாட்ஸ்அப்பும் கொஞ்சம் யூடியூப் சமையலும்தான். மாதம் முடிய முன்னமே முடிந்துவிடுகிறது. யாராவது களவெடுக்கிறார்களா?

பஸ்நிலையக் கடை எழுதியது:

அம்மா, களவு அனேகமாக இராது. செட்டிங்ஸில் நெட்வேர்க் பக்கம் போய் டேட்டா பாவனை என்று இருப்பதைத் திறங்கள், எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக இருக்கும். மேலே நிற்பதுதான் ஆள்.

எழுத்துச் செய்தி மிகக் கொஞ்சம்தான் எடுக்கும். வீடியோதான் விழுங்கும். நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரையும், எச்டி தரத்தில் 3 ஜிபி வரையும் என்று சொல்கிறது. யூடியூபும் தரத்தைப் பொறுத்து அப்படித்தான் மாறும். சமையல் பார்க்க 480 என்ற தரம் போதும், உப்பு எவ்வளவு போடுகிறார் என்பது அதிலேயே வடிவாகத் தெரியும். தானாக உயர்ந்த தரத்துக்குப் போகாமல் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவுக்குக் குறைந்த தரம் என்று வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு எல்லாம் இருக்கும். அதில் வருகிற படங்களும், செட்டிங்ஸ் அப்படி இருந்தால் வீடியோக்களும், நீங்கள் திறக்காவிட்டாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்தில் மொபைல் டேட்டாவுக்குத் தானாக இறக்குவதை நிறுத்துங்கள். அப்புறம் பெக்கேஜ் விவரத்தை ஒருமுறை வாசியுங்கள். சிலவற்றில் மொத்த ஜிபியில் பெரும் பங்கு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கலாம் என்று இருக்கும். மொத்தத்தைப் பார்த்து வாங்குவோம், நாம் விழித்திருக்கும் நேரத்துக்கு அதில் கொஞ்சம்தான் கிடைக்கும். இதைப் பெரிய எழுத்தில் போடாமல் விற்பது எனக்குப் பிடிக்காத விஷயம்.

தம்பலகாமம் டீச்சர் எழுதியது:

வணக்கம். இது பாடசாலைப் பக்கத்துக் கேள்வி. ஓர் அலுவலகத்திலிருந்து வினாத்தாள் மாதிரி ஒன்றை வேர்ட் பைலாக அனுப்பினார்கள். போனில் திறந்தால் தமிழே இல்லை, இங்கிலீஷ் எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகக் குவிந்து கிடந்தது. பாடசாலைக் கணினியில் திறந்தால் சரியாக இருக்கிறது. வைரஸா என்று சக ஆசிரியர்கள் பயந்துவிட்டார்கள்.

ஓர்ஸ்ஹில் வயர்மன் எழுதியது:

வைரஸ் இல்லை டீச்சர், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நம் நாட்டுத் தமிழ் அலுவலகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பிரச்சினை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். பாமினி என்ன செய்கிறது என்றால், இங்கிலீஷ் எழுத்துக்குரிய எண்ணையே வைத்துக்கொண்டு அதன் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. பைலுக்குள் சேமிக்கப்படுவது இங்கிலீஷ் எழுத்துத்தான். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத போனில் அதன் உண்மை உருவம் தெரியும். நீங்கள் பார்த்தது அதுதான். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எண் முறையான யூனிகோடில் அப்படியில்லை. 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி அதில் உண்டு. க என்றால் உலகத்தில் எந்தக் கருவிக்கும் ஒரே எண். அதனால்தான் இந்த இழை உங்கள் போனிலும் கனடாவில் உள்ளவரின் கணினியிலும் ஒன்றுபோல் தெரிகிறது.

பாமினியில் அடித்த ஆவணத்தைத் தமிழில் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டுகிற மென்பொருள் அதை இங்கிலீஷ் உளறலாக வாசிக்கும். இணையத்தில் போட்டாலும் தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. நம் பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் உழைத்துச் செய்த எவ்வளவோ பாடக் குறிப்புகள் இப்படித் தேடலுக்குள் வராமல் கிடக்கின்றன, எனக்கு அது உண்மையிலேயே வேதனை.

உடனடித் தீர்வு, அனுப்புகிறவரிடம் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துருவும் பைலுக்குள்ளேயே சேர்ந்து வரும். உள்ளே திருத்த வேண்டும் என்றால் பாமினியை யூனிகோடாக மாற்றுகிற இலவசப் பக்கங்கள் உண்டு, அதில் ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இனிமேல் அடிப்பதை யூனிகோடிலேயே அடிக்கச் சொல்லி அந்த அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள் டீச்சர், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

தம்பலகாமம் டீச்சர் எழுதியது:

மிக நன்றி. எழுதுகிறேன். இதோடு தொடர்பாக இன்னொன்று. பெற்றோருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இங்கிலீஷை விட அதிகக் காசு வெட்டுகிறதே, இதுவும் எழுத்து எண்ணால்தானா?

ஓர்ஸ்ஹில் வயர்மன் எழுதியது:

அதே காரணம்தான். ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட், அதாவது 1,120 பிட். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும், 160 எழுத்து பிடிக்கும். தமிழ் யூனிகோட் என்றால் ஒன்றுக்கு 16 பிட், ஆகவே 70. நீளமாகப் போனால் துண்டுகளாக உடையும், ஒவ்வொரு துண்டிலும் இணைப்புத் தகவலுக்கு இடம் போய் 67தான் மிஞ்சும்.

அதிலும் நாம் பார்க்கிற எழுத்தைக் கணினி அப்படியே எண்ணாது. திருகோணமலை என்று அடியுங்கள். கண்ணுக்கு 6 எழுத்து. கணினி அதை த, இகரக் குறி, ர, உகரக் குறி, க, ஓகாரக் குறி, ண, ம, ல, ஐகாரக் குறி என்று 10 ஆக வைத்திருக்கிறது. 70இல் 10 நம் ஊர்ப் பெயருக்கே போய்விட்டது! பெற்றோர் கூட்ட அறிவித்தல் ஒன்று சாதாரணமாக மூன்று நான்கு எஸ்எம்எஸ் ஆகிவிடும். எல்லாப் பெற்றோரிடமும் இணைய வசதி இருந்தால் வாட்ஸ்அப் மலிவு, இல்லாதவர்களுக்கு மட்டும் எஸ்எம்எஸ்ஸைச் சுருக்கி அனுப்புங்கள்.

லிங்கநகர் வாசகன் எழுதியது:

எல்லோரும் குறை நினைக்க வேண்டாம். சாதாரண ஆட்களுக்கு இவ்வளவும் தேவையா? பிட், பைட், யூனிகோட் என்று படித்துவிட்டுத்தான் போன் பாவிக்க வேண்டுமா? கடைக்குக் கொண்டுபோய் நூறு இருநூறு கொடுத்தால் செய்து தந்துவிடுகிறார்கள். கடைக்காரர்களுக்கும் பிழைப்பு.

பஸ்நிலையக் கடை எழுதியது:

நானே கடைக்காரன்தான், என் பிழைப்பும் அதுதான். அப்படி இருந்தும் இதற்கு நான் உடன்பட மாட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஐயா வந்தார். மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய போன், பெட்டியோடு கொண்டுவந்திருந்தார், பெட்டியை ஷொப்பிங் பையில் சுற்றி நனையாமல். போன் அடிக்கடி நின்றுபோகிறது என்று யாரோ பட்டன்களை அழுத்தி முழுதாக ரீசெட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது திறந்தால், முன்பு இந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கைக் கொடு என்று கேட்டு அதிலேயே நிற்கிறது. ஐயாவுக்கு எந்தக் கணக்கு என்று தெரியாது. போன் வந்த நாளில் ஒரு கடையில் கொடுத்து வாட்ஸ்அப் போட்டு வாங்கியிருக்கிறார், அந்தக் கடைப் பெடியன் தனக்கு வசதியான ஒரு ஜிமெயிலை அவனே திறந்து, அவனுடைய நம்பரையே மீட்பு நம்பராகக் கொடுத்திருக்கிறான். அந்தக் கடை இப்போது இல்லை. பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் அந்தக் கணக்குக்குள் எங்கேயோ இருக்கின்றன. எனக்குத் திறந்து கொடுக்க வழியே இருக்கவில்லை.

அந்தப் பூட்டு கெட்டதல்ல, போன் களவுபோனால் கள்ளன் அழித்துவிட்டுப் பாவிக்க முடியாமல் இருப்பதற்காக அண்ட்ரொய்ட் 5.1 முதல் வைத்திருக்கிற ஏற்பாடு அது. கணக்கு உங்களுடையதாக இருக்கும் வரை அது உங்களைக் காக்கும். ஆகவே இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் தயவுசெய்து செட்டிங்ஸில் கூகுள் என்பதைத் திறந்து, என்ன முகவரி இருக்கிறது, பாதுகாப்புப் பகுதியில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய சிம் நம்பர் என்றால் மாற்றுங்கள், நீண்டகாலம் பாவிக்காத நம்பரைக் கம்பனி இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு வருடம் திறக்கப்படாத கணக்கை கூகுளே அழிக்கலாம் என்பதும் 2023 முதல் நடைமுறை. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பழைய போனை உங்கள் கணக்கோடேயே அப்பாவுக்கு அனுப்பாதீர்கள், உங்கள் தொடர்புகளும் அவர் எடுக்கிற படங்களும் ஒன்றாகக் கலக்கும், ஒருநாள் இடம் போதவில்லை என்று நீங்கள் அங்கே அழித்தால் இங்கே அப்பாவின் போனிலும் அழியும். கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகு ரீசெட் போட்டு அனுப்புங்கள்.

கடையில் செய்து வாங்குங்கள், தடையில்லை. பாஸ்வேர்டை மட்டும் நீங்களே அடியுங்கள். கடைக்காரர் கொப்பியில் எழுதி வைக்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது என் கடையாக இருந்தாலும்.

லிங்கநகர் வாசகன் எழுதியது:

சரி அண்ணா, விளங்குகிறது. அந்த ஐயாவின் கதையைக் கேட்ட பிறகு அம்மாவின் போனைத் திறந்து பார்த்தேன். மீட்பு நம்பர் யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மாற்றிவிட்டேன். படம் அழிப்பதைப் பற்றிச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா? 64 ஜிபி போன், நிறைந்துவிட்டது என்று கத்திக்கொண்டே இருக்கிறது.

பஸ்நிலையக் கடை எழுதியது:

64 என்று வாங்கினாலும் சில கருவிகளில் 59.6 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், மென்பொருள் சில இடங்களில் 1,024 ஆக எண்ணுகிறது, அந்த வித்தியாசம். அதற்கு மேல் அண்ட்ரொய்ட் தனக்கு ஒரு பங்கை எடுக்கும். ரேம் வேறு, அது போன் வேலை செய்யும்போது மட்டும் பாவிக்கிற தற்காலிக இடம், அணைத்தால் வெறுமையாகிவிடும். படத்தை அழிப்பதால் ரேம் அதிகமாகாது.

கூகுள் போட்டோஸில் படம் பக்கப் ஆகியிருந்தால், அதாவது அதன் பிரதி கணக்கில் ஏறியிருந்தால், அங்கே சாதாரணமாக அழிக்கும்போது போனிலும் கணக்கிலும் இரண்டிலும் போய்விடும். பின் குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதை அழுத்துங்கள், கணக்கில் ஏற்கெனவே ஏறியவற்றை மட்டும் போனிலிருந்து எடுக்கும். அந்தக் கணக்கில் இலவசம் 15 ஜிபிதான், ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 யூன் முதல் ஏற்றுகிற படங்களும் அந்த 15 ஜிபியில் எண்ணப்படுகின்றன, இப்போது அண்ட்ரொய்டில் வாட்ஸ்அப் பக்கப்பும் சேர்ந்துவிட்டது. நிறைந்தால் புது மின்னஞ்சலே வராமல் நிற்கும்.

திருக்கடலூர் கடலோடி எழுதியது:

நான் கடல் தொழில். நெட்டெல்லாம் கடலுக்கடியில் கேபிளில் வருகிறது என்று பொடியன் சொல்கிறான், நான் இவ்வளவு காலமும் சட்டலைட் என்றுதான் நினைத்தேன். நம் துறைமுகம் உலகத்திலேயே ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, அப்போ கேபிளும் இங்கேதானே வர வேண்டும்?

ஓர்ஸ்ஹில் வயர்மன் எழுதியது:

பொடியன் சொன்னது சரி ஐயா. நாடுகளுக்கிடையே போகிற இணையத்தில் மிகப் பெரும் பகுதி கடலடிக் கேபிளில்தான். 2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் போன்றவை சட்டலைட்தான், ஆனால் அது சிறு பங்கு. இலங்கைக்கு வருகிற கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். 2005இல் வந்த சீ-மீ-வீ 4 என்ற கேபிள் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து பிரான்ஸ் வரை 18,800 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. அதற்கடுத்த சீ-மீ-வீ 5க்கு மாத்தறையில் கரை. அங்கிருந்து தரைவழி ஃபைபரில்தான் நமக்கு வருகிறது. ஆழமான துறைமுகம் கப்பலுக்கு நல்லது, கேபிளுக்கு அது சாதகம் இல்லை. உலகில் கேபிள் அறுவதற்கு முதற்காரணம் கப்பல் நங்கூரமும் மீன்பிடியும். கப்பல் குறைந்த கரையைத்தான் கேபிள் போடுகிறவர்கள் தேடுவார்கள்.

ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவு, போய்த் திரும்ப 27 மில்லி செக்கன். எந்தப் பெக்கேஜ் எடுத்தாலும் அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. ஒன்லைனில் விளையாடுகிற பிள்ளைகள் பிங் என்று சண்டை பிடிப்பது இந்தப் போய்த் திரும்பும் நேரத்துக்காகத்தான்.

கிண்ணியா இளையவன் எழுதியது:

நானாமார் எல்லோருக்கும் ஸலாம். அவசரமாக ஒன்று. உம்மாவுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது, உங்கள் பொதி தபாலில் நிற்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று ஒரு இணைப்போடு. திறந்தால் அப்படியே அரசாங்கப் பக்கம் மாதிரி, மேலே பூட்டுச் சின்னமும் இருக்கிறது. கார்ட் நம்பர் கேட்கிறது. உம்மா என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்று வைத்திருக்கிறா.

பஸ்நிலையக் கடை எழுதியது:

போட வேண்டாம் தம்பி. உம்மா கேட்டது மிக நல்ல காரியம்.

பூட்டு என்பது உறை ஒட்டிய கடிதம், வழியில் யாரும் பிரித்து வாசிக்க முடியாது. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சொல்லாது. கள்ளனும் இலவசமாகவே பூட்டு வாங்கலாம். இந்தக் குழப்பத்தால்தான் 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

பார்க்க வேண்டியது முகவரி. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விடுங்கள். அதற்குப் பிறகு வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடது பக்கமாக வாசியுங்கள். உண்மையான அரசாங்கப் பக்கம் என்றால் சாய்கோட்டுக்கு ஒட்டினாற்போல் டொட் கொவ் டொட் எல்கே (.gov.lk) என்று முடியும். கள்ளப் பக்கத்தில் கொவ், எல்கே என்ற எழுத்துக்களை முன்னுக்கு எங்கேயாவது செருகிவிட்டு, முடிவில் டொட் டொப் (.top), டொட் எக்ஸ்வைஇசட் (.xyz) என்று ஏதாவது நிற்கும். முடிவில் நிற்பதுதான் சொந்தக்காரர். முன்னுக்கு எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

யாராவது ஏற்கெனவே கார்ட் நம்பரைக் கொடுத்திருந்தால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கார்டை நிறுத்துங்கள், வெட்கப்பட்டு ஒரு மணித்தியாலம் தாமதித்தாலும் காசு போகும். அப்புறம் இலங்கை கணினி அவசர உதவிப் பிரிவின் 101க்கு அறிவியுங்கள். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் நம்பரிலிருந்தே "உங்களுக்கு ஒரு 6 இலக்க எண் தவறுதலாக வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று வந்தாலும் கொடுக்க வேண்டாம். அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸ்அப் அவர்கள் போனுக்குப் போய்விடும், பிறகு உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரரிடம் காசு கேட்பார்கள்.

கிண்ணியா இளையவன் எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ், போடவில்லை. முடிவில் டொட் டொப் என்றேதான் இருந்தது. உம்மாவுக்கு நீங்கள் சொன்ன மாதிரியே வாசித்துக் காட்டினேன், இப்போது தனக்கு வந்த எல்லா இணைப்பையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறா.

பாலையூற்று அம்மா எழுதியது:

தம்பி, பயமாக இருக்கிறது. நான் ஓய்வூதியக் கடிதம் பிரிண்ட் எடுக்க ஒரு கடையில் அவர்கள் கொம்பியூட்டரில் என் வாட்ஸ்அப்பைத் திறந்தேன், சதுரப் படத்தைப் போனால் காட்டி. திரையை மூடிவிட்டுத்தான் வந்தேன். அது போதுமா?

பஸ்நிலையக் கடை எழுதியது:

போதாது அம்மா. திரையை மூடினாலும் அந்தக் கணினி உங்கள் கணக்கோடு இணைந்தே இருக்கும், அடுத்து உட்காருகிறவர் திறந்தால் உங்கள் செய்திகள் தெரியும். இப்போதே வாட்ஸ்அப்பில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு இணைக்கப்பட்ட சாதனங்கள் என்பதைத் திறங்கள். ஏதாவது கணினியின் பெயர் இருந்தால் அதைத் தொட்டு வெளியேறு என்று கொடுங்கள். கடைக்குப் போகத் தேவையில்லை, வீட்டிலிருந்தே செய்யலாம். இனிமேல் பிரிண்ட் எடுக்க அந்த ஒரு கடிதத்தை மட்டும் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், உங்கள் கணக்கைத் திறக்க வேண்டாம்.

பாலையூற்று அம்மா எழுதியது:

இரண்டு இருந்தது தம்பி. ஒன்று அந்தக் கடை, மற்றது எது என்றே தெரியவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டேன்.

பஸ்நிலையக் கடை எழுதியது:

நல்லது அம்மா. இரண்டாவது எது என்று தெரியாததால் இன்னொன்றும் செய்துவிடுங்கள். செட்டிங்ஸில் கணக்கு என்பதற்குள் இரண்டு படிச் சரிபார்ப்பு இருக்கும், அதில் 6 இலக்க இரகசிய எண் (பின் நம்பர்) ஒன்று வையுங்கள். பிறந்த வருடம் வேண்டாம்.